சரிவில் ஒருவர் மட்டும்

தம்பியின் முகத்தைப் பார்க்காமல் ஐந்து வருடம் ஓட்டிவிட்டாள் லூஷா. லார்ச் க்ரீக் மாதிரி ஊரில் அது சாமானியக் காரியம் இல்லை. ஒரே மளிகைக் கடை, ஒரே பெட்ரோல் பங்க், ஞாயிற்றுக்கிழமை சங்கீதம் பாட ஒரே ஜெபக்கூடம். தம்பி கிரிஷா ரொட்டி அடுக்கின் பக்கம் நின்றால் இவள் மாவு மூட்டைப் பக்கம் திரும்பிவிடுவாள். கூடத்தில் ஆண்கள் வரிசையில் அவன் வந்து நின்றால், வழிபாட்டுக்காக நடு மேசையில் வைத்திருக்கும் ரொட்டியையும் உப்பையும் தண்ணீர்க் கூஜாவையும் வெறித்துக்கொண்டே பாடி முடித்துவிடுவாள். ஆரம்பத்தில் ஊர் சமாதானம் பேசிப் பார்த்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டபின், அவளிடம் அவன் பேச்சையே எடுப்பதில்லை என்று பழகிக்கொண்டது.

அப்படிக் கட்டிக் காத்த வைராக்கியத்துக்கு ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபத்து வந்தது.

மலையடிவாரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடம். டிரக்குகளின் பின்னாலிருந்து பனிவண்டிகளை இறக்கி எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கும் நீலப் புகையும் எண்ணெய் வாசனையும். பனிச்சரிவுப் பயிற்சியின் இரண்டாம் நாள் அது. முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்து பாடம். இரண்டாம் நாள் மலையில் ஏறிப் பழக்கம். பயிற்சி கொடுக்க வந்த ப்ரென்னா வெளியூர்க்காரி. ஆள் குள்ளம், குரல் மட்டும் மலைக்கு அந்தப்புறம் கேட்கும். பயில வந்தவர்கள் ஏழு பேர். அதில் லூஷாவும் அவள் மகன் ஈலையும் அடக்கம்.

ஈலைக்குப் பத்தொன்பது வயது. அவன் அப்பா வால்டரைப் பனிச்சரிவு கொண்டுபோன வருடம், கோடையில் பனி உருகியபின் மலையிலிருந்து அவருடைய பச்சை வண்டியைத் தூக்கி வந்தார்கள். அதைக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, இரண்டு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, ஈலை மறுபடி ஓட வைத்துவிட்டான். மலைக்குப் போகிறேன் என்றான். லூஷா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை எத்தனை நாள் கட்டிப்போட முடியும்? கடைசியில், "பயிற்சி எடுத்தாத்தான் போகணும். நானும் கூட வந்து எடுப்பேன்" என்று நிபந்தனை போட்டாள். கல்யாணமான புதிதில் வால்டருக்குச் சரிசமமாகப் பனிவண்டி ஓட்டியவள்தான். ஊர்ப் பனிவண்டிச் சங்கத்திடம் ஒரு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சங்கத்தின் சார்பில் உதவிக்கு ஒரு ஆள் வருவார் என்று ப்ரென்னா சொல்லியிருந்தாள். அந்த ஆள் கிரிஷா என்று சொல்லவில்லை.

"இப்ப ஜோடி பிரிக்கிறேன்," என்றாள் ப்ரென்னா. "இன்னிக்கு முழுக்க உங்க உயிர் அவங்க கையில, அவங்க உயிர் உங்க கையில. பயப்படாதீங்க, இது கல்யாண ஜோடி இல்ல."

"அதுக்குப் பேருதாங்க கல்யாணம்," என்றான் டாரில். தாடி நிறைய உறைபனியோடு நின்ற டாரில் வால்டரின் பழைய கூட்டாளி. வாயை வாடகைக்கு விட்டவன். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு இரண்டு பேராகப் பிரித்தபின் லூஷா மட்டும் மிஞ்சினாள். ஏழு ஒற்றைப்படை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"லூஷா, நீங்க கிரிஷாவோட."

டாரில் இருமினான். அதுவரை சிரித்தவர்கள் எல்லாம் ஹெல்மெட் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். வேறு ஆள் கேட்கலாம் என்று லூஷா வாயைத் திறந்தாள். கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டிவரும்.

"அம்மா, ப்ளீஸ். இங்க வேணாம்," என்றான் ஈலை மெதுவாக.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கிரிஷா அதற்குள் வேலையில் இறங்கியிருந்தான். ஒவ்வொருவர் மார்பிலும் கட்டியிருந்த பீக்கன் கருவி சத்தம் கொடுக்கிறதா என்று ஒருவர் ஒருவராக நடக்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். பனிக்கடியில் புதைந்தவனை மேலே இருப்பவன் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வழி அந்தச் சத்தம்தான். லூஷா நடந்தபோது அவன் கையிலிருந்த கருவி பீப் பீப் என்றது. அவள் பனியைப் பார்த்தபடி கடந்துபோனாள்.

டாரிலின் வண்டிக்குப் பின்னால் கிரிஷா நின்றான். வண்டிப் பையில் சொருகியிருந்த மண்வாரியை உருவி, டாரிலின் முதுகுப்பையில் செருகிவிட்டு, அடுத்த வண்டிக்கு நகர்ந்தான்.

"யோவ், முதுகு வலிக்குதுய்யா," என்றான் டாரில்.

"வண்டியில வச்சா வண்டியோட போயிடும்," என்றான் கிரிஷா.

டாரில் பையின் வாரை இறுக்கிக்கொண்டான். அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன் நடந்தது இவ்வளவுதான். வடக்குச் சரிவில் வால்டரும் கிரிஷாவும் வண்டி ஏற்றினார்கள். யார் அதிக உயரத்தில் தடம் பதிக்கிறார்கள் என்று பார்க்கிற விளையாட்டு. இந்த மலைப்பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு பைத்தியம். பாதி உயரத்தில் வால்டரின் வண்டி பனியில் புதைந்து நின்றுவிட்டது. கீழே இருந்த கிரிஷா உதவிக்கு மேலே ஏறினான். அவன் வண்டி போய்ச் சேர்ந்த நேரத்தில் சரிவிலிருந்த பனி மொத்தமும் பாளமாக உடைந்து இருவரையும் வாரிக்கொண்டு இறங்கியது. கிரிஷாவின் முதுகிலிருந்த காற்றுப்பை விரிந்து அவனை மேலே மிதக்க வைத்தது. வால்டர் அடியில் போய்விட்டார். கிரிஷாவின் மண்வாரி வண்டியில் இருந்தது, வண்டி பனிக்குள் இருந்தது. கையால்தான் தோண்டினான். கொண்டுவந்தது உடலைத்தான்.

அடக்கத்தன்று வாசலில் வந்து நின்ற தம்பியிடம், "அவரு சிக்கினா அவரே தோண்டிட்டு வந்திருப்பாரு. உன்னை எவன்டா மேல வரச் சொன்னான்?" என்று கேட்டாள் லூஷா. அவன் கைகளில் பெரிய கட்டு போட்டிருந்தது. கட்டுக்குள் என்ன என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

பயிற்சியின் முதல் நாள் பாடத்தில் ப்ரென்னா பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். "இது ஸ்கீ சறுக்குறவங்க பண்ணாத தப்பு. நம்ம ஆளுங்க மட்டும் பண்றது. ஒருத்தன் மேல சிக்கிட்டான். கீழ இருக்கிறவன் நல்லவன். அவன் நல்லவனா இருக்கிறதுதான் பிரச்சினை." பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். "ஒரு வண்டியைத் தாங்கின சரிவு ரெண்டாவதைத் தாங்காது. ஏற்கெனவே சிக்கினவன் ஓடவும் முடியாது. அதனால, சரிவில ஒருத்தர் மட்டும். மத்தவங்க ஓரத்துல, எஞ்சினை அணைச்சிட்டு, கண்ணை அவர்மேல வச்சிட்டு நிக்கணும். அவ்வளவுதான் விதி."

ஊர்க்காரர்கள் எல்லாம் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். வெளியூர்க்காரிக்கு ஒன்றும் தெரியாது. லூஷா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினாள். ஐந்து வருடமாக அவள் ஒருத்தி மனதுக்குள் நடத்திய வழக்கில், நேற்று வந்த ஒருத்தி பலகையில் தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்த இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். அப்படி ஒரு நிம்மதி மனுஷிக்கு ஆகாது, ஆனால் தூங்கினாள்.

ஞாயிறன்று அவர்கள் ஏறிய மலைப்பாதை பாதித் தூரத்தில் ஒரு ஓடையைக் கடக்கும். தண்ணீர் ஓடை இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேலேயிருந்து பனி இறங்கி இறங்கி, ஒரு மரம்கூட இல்லாமல் வழித்துவிட்ட தடம். அதை ஒவ்வொருவராகத்தான் கடக்கவேண்டும். ஒருவர் கடக்கையில் அவர் ஜோடி கண் எடுக்காமல் பார்க்கவேண்டும். பனிச்சரிவு வந்தால், கடைசியாக எந்த இடத்தில் தெரிந்தார் என்பதை வைத்துத்தான் தேட ஆரம்பிப்பார்கள்.

கிரிஷா கடந்தான். லூஷா அந்த நேரம் தேவதாரு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லூஷா," என்றாள் ப்ரென்னா பக்கத்தில் வந்து. "அவர் எந்த எடத்துல மேட்டுல ஏறினார்?"

"கடந்துட்டாரு இல்ல?"

"அதைத்தான் கேக்குறேன். பாத்தீங்களா?"

லூஷா ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மேலே மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. அதன் தலைமாட்டில் வழவழவென்று ஒரு சரிவு, உச்சியில் பனி விளிம்பு கட்டி நின்றது. வெட்டவெளியில் கால் வைத்ததும், அடியில் எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். நின்றிருந்த தரை விரலளவு இறங்கியதுபோல் இருந்தது. ப்ரென்னா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள்.

"கேட்டுச்சா? மேல இருக்கிற பனி கெட்டி. அடியில சர்க்கரை மாதிரி உதிரி. மேல் கெட்டி கீழ உக்காருது. சமவெளியில உக்காந்தா சத்தம் மட்டும்தான். அதோ அங்க உக்காந்தா..." சரிவைக் காட்டினாள். "அந்த ஒத்தை மரத்துக்கு மேல எவரும் ஏறக் கூடாது. எனக்கு இன்னொரு தடவை சொல்ற பழக்கம் இல்ல."

தேடிப் பழகினார்கள். ஒரு சாக்குக்குள் பீக்கனைப் போட்டுப் புதைத்து, சத்தத்தை வைத்துக் கிட்டே போய், நீளக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்து, கம்பி மெத்தென்று தட்டுப்பட்ட இடத்தில் தோண்டவேண்டும். தோண்டுவதைச் சொல்லிக்கொடுத்தது கிரிஷா.

"நேர் மேல நின்னு தோண்டாதீங்க. அவன் மூச்சு விட வச்சிருக்கிற கொஞ்ச எடத்தையும் மிதிச்சு அமுக்கிடுவீங்க. கம்பிக்குக் கீழ்ப்பக்கம் தள்ளி நில்லுங்க. வெட்டி முன்னாடி எறியாதீங்க, பின்னால தள்ளுங்க. களைச்சா உடனே மாறிக்குங்க, வீரம் காட்டாதீங்க."

குரலைக் கேட்காமல் இருக்கக் காதுக்கு இமை இல்லையே. லூஷா அவன் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்காதவள் பார்க்க வேறென்ன இருக்கிறது? மண்வாரியைப் பிடித்த இடது கையுறையில் இரண்டு விரல்களின் நுனி உள்ளே எதுவும் இல்லாமல் தொளதொளவென்று மடங்கியிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, பனியில் வெறுங்கையாகத் தோண்டினால் விரல் போகும் என்று யாரோ உள்ளுக்குள் சொன்னார்கள். ஊருக்கே தெரிந்திருக்கும். மளிகைக் கடையில் சில்லறை வாங்கும்போது, கூடத்தில் கைகூப்பும்போது, எல்லோரும் பார்த்திருப்பார்கள். கூடப்பிறந்தவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். எஞ்சின் குழாய்மேல் டப்பாவை வைத்து ஓட்டி வந்தால் சாப்பாடு தானே சூடாகிவிடும். மாவுக்குள் முட்டைக்கோசும் பட்டாணியும் வைத்துச் சுட்ட பைராகி கொண்டுவந்திருந்தாள் லூஷா. ப்ரென்னாவுக்குக் கொடுத்தாள், டாரிலுக்குக் கொடுத்தாள், அதிகம் பழகாதவர்களுக்கும் கொடுத்தாள். டப்பாவில் இரண்டு மிஞ்சியது. தள்ளி உட்கார்ந்து உறைந்த சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தவனைப் பார்க்காமல் டப்பாவை மூடிவிட்டாள். அற்பத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தும் மூடினாள்.

ஈலை சும்மா இருக்கமாட்டாமல் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு வெட்டவெளியில் வட்டமடித்தான். வண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பனியை வாரி இறைத்துக்கொண்டு வந்தபோது அப்படியே வால்டர்தான்.

"டேய்," என்று கத்தினான் டாரில், வாய் நிறையப் பைராகியோடு. "உங்கப்பனா இருந்தா அந்த உச்சியில பேரெழுதிட்டு வந்திருப்பான்டா!"

விளையாட்டாகத்தான் சொன்னான். டாரில் எதையும் விளையாட்டாகத்தான் சொல்வான். ஈலை கையைத் தூக்கிக் காட்டிவிட்டு முறுக்கினான். ஒற்றை மரம் வரைக்கும் போய்த் திரும்புவான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. மரத்தைத் தாண்டினான். வண்டி சரிவில் செங்குத்தாக ஏறியது, வேகம் குறைந்தது, பின்பக்கம் பனியைக் குடைந்துகொண்டு இறங்கியது, மூக்கு வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. எஞ்சின் இரண்டு தடவை உறுமி அணைந்தது.

அதே பச்சை வண்டி. அதே மாதிரி பாதி உயரம்.

"யாரும் அசையாதீங்க!" ப்ரென்னாவின் குரல் மலையில் மோதித் திரும்பியது. "எல்லாரும் மரத்தோரம்! எஞ்சின் எதுவும் கிளப்பக் கூடாது! ஈலை, நீயா தோண்டு! யாரும் வரமாட்டோம்!"

மேலே ஈலை இடுப்பளவு பனியில் நின்று கையை ஆட்டினான். "ஒரு ஆள் போதும்! யாராவது ஒருத்தர் வந்து முன்பக்கத்தை இழுத்து விட்டா போதும்!"

"ரெண்டு நிமிஷ வேலைங்க," என்றான் டாரில். முகம் வெளுத்திருந்தது. "நான் ஒரே ஓட்டமா போயிட்டு—"

"உக்காருங்க!"

"அம்மா!" என்றது மேலேயிருந்து குரல். பயந்த குரல் இல்லை. கடையில் சாமான் தூக்க ஒரு கை கேட்பானே, அந்த மாதிரி.

தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். லூஷா அப்போது எதையும் யோசிக்கவில்லை. பலகையும் நினைவில்லை, இரண்டு புள்ளியும் நினைவில்லை. கிளப்பும் கயிற்றை இழுத்த ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது, அவள் ஏறி நின்று முறுக்கிவிட்டாள். மகன் மேலே சிக்கியிருக்கிறான், ஒரு கை போதும் என்கிறான், அவளிடம் இரண்டு கை இருக்கிறது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பக்கவாட்டிலிருந்து யாரோ பாய்ந்து வண்டிமேல் விழுந்தார்கள். வண்டியையும் ஓட்டுபவரின் கோட்டையும் இணைக்க ஒரு சுருள்கயிறு உண்டு. ஆள் தூக்கி எறியப்பட்டால் அது கழன்று எஞ்சினை நிறுத்திவிடும். அந்தக் கயிற்றை, அவள் கோட்டில் மாட்டியிருந்த வளையத்தோடு சேர்த்துப் பிய்த்து எடுத்துவிட்டான் கிரிஷா. எஞ்சின் செத்தது. கயிற்றைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"குடுடா! குடுடா அதை!" அவள் அவன் மார்பில் குத்தினாள். ஹெல்மெட்டில் அடித்தாள். "என் புள்ளடா!"

அவன் தடுக்கவில்லை. அடி ஓய்கிறவரை நின்றான். பிறகு அவள் தோளைப் பிடித்துச் சரிவின் பக்கம் திருப்பினான்.

"அவனைப் பாரு. கண்ணை எடுக்காத."

ஐந்து வருடத்துக்குப் பின் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் பார்த்தாள்.

எட்டு பேர் மரத்தோரம் நின்று ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட உதவவில்லை. இந்த ஊரில் நடுரோட்டில் எவன் டயர் பஞ்சரானாலும் நான்கு பேர் இறங்குவார்கள். எவன் வீடு எரிந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்குள் கூரை நிற்கும். அப்படிப்பட்டவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால் அது பெரிய தண்டனை. டாரில் கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஈலை முதலில் கத்தினான், பிறகு திட்டினான், பிறகு தோண்டினான். முதுகிலிருந்து மண்வாரியை எடுத்து வண்டியின் கீழ்ப்பக்கம் பறித்தான். வண்டியைத் தோளால் முட்டினான். அது அசையவில்லை. மறுபடி பறித்தான். அவன் ஒவ்வொரு தடவை மண்வாரியை இறக்கும்போதும் அந்தத் தொம் சத்தம் வருகிறதா என்று லூஷா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளிடம் பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்லமுடியவில்லை. கடைசியில் வண்டியின் மூக்கு மெல்லப் பக்கவாட்டில் சரிந்தது, கீழ்நோக்கித் திரும்பியது. ஈலை ஏறி, எஞ்சினைக் கிளப்பி, ஒரே கோடாக இறங்கி வந்தான்.

சரிவு அப்படியே நின்றது. ஒரு கைப்பிடிப் பனிகூட உதிரவில்லை.

மகனை லூஷா அறைந்தாளா அணைத்தாளா என்று கேட்டால், இரண்டும்தான். ப்ரென்னா அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசிய பேச்சில் அவன் காது சிவந்துபோயிற்று. டாரில் தானாகவே போய், "தப்பு எம்மேலதாங்க. என் வாயைத் தைக்கணும்" என்றான்.

லூஷாவிடம் வந்தபோது ப்ரென்னா கத்தவில்லை. "நேத்து எல்லாருக்கும் முன்னாடி தலையாட்டினது நீங்கதான்," என்று மட்டும் சொன்னாள். "அதான் சொன்னேன். கெட்டவங்க இந்தத் தப்பைப் பண்றதில்ல."

பயிற்சியை அத்தோடு முடித்து, எல்லோரும் கீழே புறப்பட்டார்கள். லூஷா தன் வண்டியில் உட்கார்ந்து அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் மேலே போயிருந்தால்? பனி விழுந்தும் இருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். விழாமல் இருந்திருந்தால், மகனைக் காப்பாற்றிய தாய் என்று இன்றைக்குக் கூடத்தில் பேசியிருப்பார்கள். அன்றைக்கு வடக்குச் சரிவும் இதே மாதிரி சும்மா நின்றிருந்தால்? வால்டரும் கிரிஷாவும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பார்கள். மச்சானுக்குக் கைகொடுத்த தம்பிக்கு அவள்தான் போர்ஷ் சூப்பை ஊற்றி, மேலே ஒரு கரண்டி க்ரீமும் கூட விட்டிருப்பாள். அவன் செய்ததில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. அதே காரியம்தான். மலை ஒருநாள் விழுந்தது, ஒருநாள் விழவில்லை.

எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். வண்டி கிளம்பவில்லை. சுருள்கயிறு இல்லாமல் அது கிளம்பாது.

முன்னால் போனவர்களின் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது. கடைசியாக வரவேண்டியவன் கிரிஷா; அவன் தன் வண்டியில் உட்கார்ந்து, அவள் கிளம்பட்டும் என்று காத்திருந்தான். சுருள்கயிறு தன் பையில் இருப்பதை அவனும் மறந்திருந்தான். கைநீட்டினால் போதும், பேசவேண்டாம் என்று நினைத்துக்கொண்டு லூஷா பனியில் இறங்கி நடந்துபோனாள். கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

வயதாகியிருந்தான். மீசையில் பாதி நரை. இது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண் மட்டும் அப்படியே அம்மாவின் கண்.

அவன் பதறிப் பைக்குள் கைவிட்டுக் கயிற்றை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அன்னிக்கு அவரும் இப்படித்தான் கூப்பிட்டாரா?"

கிரிஷா தலையைக் குனிந்துகொண்டான். "கூப்பிட்டாரு." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "கூப்பிடலைன்னாலும் போயிருப்பேன்க்கா," என்றான்.

"அஞ்சு வருஷத்துல ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கலாம்லடா?"

"செத்தவரு மேல எப்படிப் பழி சொல்றது?"

அவன் இடது கையைப் பிடித்து, கையுறையின் காலி நுனிகளை விரலால் அழுத்திப் பார்த்தாள். சின்ன வயதில் ஆற்றங்கரையில் இந்தக் கையைப் பிடித்துத்தான் பள்ளிக்கூடம் கூட்டிப்போனாள்.

"நானும் போயிருப்பேன்டா," என்றாள். "நீ நிறுத்தலைன்னா நானும் போயிருப்பேன்."

"தெரியும்."

"தெரியுமாம்! பெரிய இவன்!" என்று அழுதுகொண்டே சொன்னாள். "டப்பால ரெண்டு பைராகி இருக்கு. ஆறிக் கல்லாயிருக்கும். தின்னுத் தொலை."

அவன் நின்றபடியே இரண்டையும் தின்றான். அவள் கயிற்றை வாங்கி வண்டியில் மாட்டி, மறுமுனையைக் கோட்டில் கட்டிக்கொண்டாள்.

ஓடைக்கு அவர்கள் வந்தபோது மற்றவர்கள் கடந்து கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிருந்தார்கள். வெயில் சாய்ந்து, மேலேயிருந்து கீழே வரை அந்த வெள்ளைத் தடம் நீலமாகியிருந்தது.

"நீ முன்னாடி போக்கா. நான் பாத்துக்கிறேன்."

"நீ போ," என்றாள் லூஷா. "காலையில நான் பாக்கல."

அவள் எஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டாள். கிரிஷா ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டுத் தடத்துக்குள் இறங்கினான். நடுவில் அவன் வண்டி சின்னதாகத் தெரிந்தது, பள்ளத்தில் இறங்கியபோது ஹெல்மெட் மட்டும் தெரிந்தது, மறுபடி முழுதாக ஏறியது. குளிர்காற்றில் அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்தால் அந்த ஒரு நொடி பார்வை போய்விடும் என்று துடைக்காமல் விட்டுவிட்டாள். தம்பி அந்தக் கரையில் ஏறி, திரும்பி, கையைத் தூக்கிக் காட்டுகிறவரை அவள் கண் எடுக்கவில்லை.